கையெழுத்தில்லாத நாற்பத்து மூன்று பேர்

என் பெயர் வெர்லீன் டேட். சிகாகோவில், லாசால் தெருவில் இருக்கும் ஒரு வக்கீல் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷமாக ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். நான் வக்கீல் இல்லை; வக்கீலின் காகிதங்களுக்குப் பொறுப்பு. எந்த வழக்கில் எதை எந்தத் தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும், எந்தப் பெட்டியில் எது இருக்கிறது, எந்த ஜட்ஜுக்கு எதைப் பார்த்தால் எரிச்சல் வரும் என்பதெல்லாம் என் தலைக்குள் இருக்கும். என் வக்கீல் ஆல்டோனா ஸ்டான்கஸ். அவளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

ஆல்டோனா மார்க்கெட் பார்க் என்ற பகுதியில் லிதுவேனியர் தெருவில் பிறந்தவள். அவள் அப்பா அறுபத்து மூன்றாம் தெருவில் பஸ் ஓட்டினார். பகலில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் டைப் அடித்துக்கொண்டு மாலைக் கல்லூரியில் சட்டம் படித்தாள். நான் ஊரின் தெற்கே, கறுப்பர்கள் வாழும் சாத்தம் பகுதிக்காரி. அவள் பிறந்த தெருவில் என் அப்பா போன்ற ஒரு கறுப்பர் கால் வைக்க முடியாத காலம் ஒன்று இருந்தது. அதைப் பற்றி நானும் அவளும் ஒரே ஒரு தடவை பேசியிருக்கிறோம். அன்று பேசியதே போதுமானதாக இருந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் எங்கள் கட்சிக்காரரான ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பழைய நோயாளிகளின் கோப்புகளை யாரோ பின்சந்துக் குப்பைத்தொட்டியில் கொட்டிவிட்டார்கள். காற்றில் அவை பனி மேல் பறந்துகொண்டிருந்தன. பெரிய வக்கீல்கள் யாருக்கும் அந்த வேலை பிடிக்கவில்லை. ஆல்டோனா அப்போது இளையவள் என்பதால் அவள் தலையில் கட்டினார்கள். அவள் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். இரண்டு பேரும் கையுறை போட்டுக்கொண்டு, மதியம் வரை குனிந்து குனிந்து ஒவ்வொரு தாளாகப் பொறுக்கினோம்.

"பேரை மட்டும் பார்த்து அடுக்கு. கீழ என்ன எழுதியிருக்குன்னு படிக்காத," என்றாள்.

"படிச்சா யாருக்குத் தெரியப்போகுது?"

"உனக்குத் தெரியும். அப்புறம் பஸ்ல அந்த ஆள் உன் பக்கத்துல வந்து உக்காருவான்."

அந்த வழக்குக்குப் பிறகு, அடுத்தவர் அந்தரங்கம் சம்பந்தமாக எது வந்தாலும் அவள் மேசைக்கு வந்தது. மற்ற வக்கீல்கள் வானளாவிய கட்டடங்களை விற்றார்கள், கம்பெனிகளைக் கம்பெனிகளோடு சேர்த்து வைத்தார்கள். எங்கள் மூலைக்கு அவர்கள் வைத்த பெயர் "திரைச்சீலை டிபார்ட்மெண்ட்". ஆல்டோனா அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை. ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில் யாரோ அதைச் சொல்லிச் சிரித்தபோது, "திரை இல்லாத வீட்டுல நீங்க எப்படி உடுப்பு மாத்துவீங்கன்னு பார்க்கணுமே," என்று மட்டும் சொன்னாள். அந்த ஆள் அதற்குப் பிறகு எங்கள் பக்கம் வருவதில்லை.

இரண்டாயிரத்து எட்டில் எங்கள் மாநிலத்தில் புதிதாக ஒரு சட்டம் வந்தது. ஒருவரின் விரல் ரேகையையோ, முகத்தையோ, கண்ணையோ இயந்திரத்தில் பதிவதற்கு முன்னால், எதற்காக எடுக்கிறோம், எவ்வளவு காலம் வைத்திருப்போம் என்று எழுத்தில் சொல்லி, அவர் கையெழுத்தை வாங்க வேண்டும். பத்திரிகைகள் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஆல்டோனா ரயிலில் வரும்போது படித்துவிட்டு, எங்கள் கட்சிக்காரர்கள் அறுபது பேருக்கு இரண்டு பக்கத்தில் கடிதம் எழுதினாள். ஒருவர் நன்றி என்று பதில் போட்டார். இன்னொருவர் நேரிலேயே வந்தார். அவர்தான் போக்தன் ரூசெக்.

சிகாகோவை ஒட்டிய சிசெரோ ஊரில் அவருக்குப் பெரிய சலவை நிலையம். ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளும் ஆபரேஷன் அங்கிகளும் அங்கேதான் வெளுக்கப்படும். பத்தொன்பது வயதில் போலந்திலிருந்து வந்து இதே மாதிரி ஒரு சலவை நிலையத்தில் வண்டி தள்ளி, கடைசியில் சொந்தமாக ஒன்றை எழுப்பியவர். வேலை செய்பவர்களில் பாதிப் பேர் போலந்துக்காரர்கள், மீதி மெக்சிகோக்காரர்கள்.

"வக்கீலம்மா, ஆளு வர்றான், விரலை வெக்கிறான், மெஷின்ல நேரம் விழுது. இதுக்கு எதுக்குக் காகிதம்?" என்று கேட்டார்.

"உங்க விரல் ரேகையை நான் எடுத்து வெச்சுக்கறேன்னு வைங்க. எங்க வெச்சிருக்க, எப்ப அழிப்பன்னு என்னைக் கேக்கமாட்டீங்களா?"

"கேப்பேன்."

"அவங்களுக்கும் அந்தக் கேள்வி இருக்கும். உங்ககிட்ட கேக்கப் பயம், அவ்வளவுதான். நீங்களே முந்திக்கிட்டுச் சொல்லிடுங்க."

போலிஷ், ஸ்பானிஷ், ஆங்கிலம் என்று மூன்று மொழியில் ஒரு படிவம் தயாரித்துக் கொடுத்தோம். ரூசெக்கின் அலுவலகத்தில் தெரேசா என்று ஒரு பெண்மணி இருந்தாள். புதிதாக யார் சேர்ந்தாலும் படிவத்தை வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, பிறகுதான் விரலை வைக்க விடுவாள். வேலையை விட்டுப் போனால் அந்தப் படிவத்தைப் பார்த்து, அவர்கள் ரேகையை அழிக்கச் சொல்லுவாள். இப்படிப் பல வருஷம் ஓடியது.

அதற்குள் அந்தச் சட்டம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஊரில் பாதி வக்கீல்கள் கூட்டு வழக்குப் போட ஆரம்பித்தார்கள். கூட்டு வழக்கு என்றால் ஒருவர் தன் பெயரில், தன்னைப் போன்ற எல்லோருக்காகவும் போடுவது. ஒருவருக்கு இழப்பு சின்னதாக இருக்கலாம். அதை முந்நூறு பேரால் பெருக்கினால் ஒரு கம்பெனி மண்ணோடு மண்ணாகிவிடும். கம்பெனிகள் ஆல்டோனாவைத் தேடி வந்தன. திரைச்சீலை டிபார்ட்மெண்டுக்கு முழுதாக ஒரு மாடி கிடைத்தது. என் தம்பி லமாண்ட் மட்டும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் என்னைச் சீண்டுவான். "அக்கா, முதலாளிமாருக்குத் திரை புடிக்கிற வேலை எப்படிப் போகுது?" என்பான். அவன் நகர ரயில் ஓட்டுகிறவன். அவன் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. நானும் அதை அவ்வப்போது என்னையே கேட்டுக்கொண்டதுண்டு.

இரண்டாயிரத்துப் பதினெட்டில் ரூசெக் மேலும் வழக்கு வந்தது. தொடுத்தவள் ஓஃபீலியா கரான்சா. சலவை நிலையத்தில் துணி மடிக்கும் மேசையில் மூன்று வருஷம் வேலை செய்துவிட்டு நின்றுவிட்டவள். ஐந்து வருஷத்தில் அங்கே விரல் வைத்த முந்நூற்று ஐம்பத்தைந்து பேருக்காகவும் அவள் வழக்குப் போட்டிருந்தாள். அவளுடைய வக்கீல் பார்னபி கியோ. நீதிமன்றத்தில் சத்தமாகப் பேசுவார், வெளியே வந்தால் எல்லோருக்கும் காபி வாங்கித் தருவார்.

ரூசெக் கவலைப்படவே இல்லை. சலவை வண்டியிலேயே பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வந்து என் மேசைக்குப் பக்கத்தில் இறக்கினார்.

"எல்லாம் கையெழுத்தோட இருக்கு, வக்கீலம்மா. நீங்க சொன்னதுலேர்ந்து ஒண்ணு விடாம வாங்கியிருக்கோம்."

நான் மூன்று நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பெயர்ப் பட்டியலோடு ஒப்பிட்டேன். முந்நூற்றுப் பன்னிரண்டு படிவங்கள் இருந்தன. நாற்பத்து மூன்று பேருக்கு இல்லை. மறுபடி ஒரு தடவை பார்த்தேன். அப்போதும் அதே நாற்பத்து மூன்று. எல்லோரும் இரண்டாயிரத்துப் பதினாலு கோடையில் சேர்ந்தவர்கள். ஓஃபீலியாவும் அவர்களில் ஒருத்தி.

காரணம் அன்றைக்கே தெரிந்தது. அந்தக் கோடையில் தெரேசாவுக்குப் பித்தப்பையில் ஆபரேஷன். அவள் இல்லாத மூன்று மாதமும் ரூசெக்கின் மகள் ஹாலினாதான் அலுவலகத்தைப் பார்த்துக்கொண்டாள். புதிய ஆஸ்பத்திரி ஒன்றின் வேலை வந்து, ஆட்களை அவசரமாக எடுத்திருக்கிறாள். விரலை முதலில் வைக்கச் சொல்லிவிட்டு, படிவத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறாள். அந்தப் "பிறகு" வரவே இல்லை.

அடுத்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஹாலினா எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். கூட ரூசெக்கும், சலவை நிலையத்து ஆட்கள் ஐந்து பேரும். எல்லோர் மேலும் பிளீச் வாசனை. ஹாலினா தன் பையிலிருந்து ஒரு கட்டுப் படிவத்தை எடுத்து மேசை மேல் வைத்தாள். பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. தேதியும் எழுதப்பட்டிருந்தது: இரண்டாயிரத்துப் பதினாலு, ஜூலை. கையெழுத்துப் போடும் இடம் மட்டும் காலியாக இருந்தது.

"அந்த நாப்பத்து மூணு பேர்ல இருபத்தெட்டு பேர் இன்னும் எங்ககிட்டதான் இருக்காங்க. யாரையும் நான் மிரட்டல. அவங்களாத்தான் வந்தாங்க," என்றாள் ஹாலினா.

அது பொய் இல்லை. ஐவரில் மூத்தவர் ஜெனோன் என்ற இஸ்திரிக்காரர். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னார்: "பேனா குடுங்கம்மா. கேட்டிருந்தா அன்னைக்கே போட்டிருப்போம். கேக்க மறந்தது அவங்க தப்புன்னா, போடாம விட்டது எங்க தப்புன்னு வெச்சுக்கறோம். சலவைக்கூடம் மூடினா நாங்க எங்க போவோம்?"

நான் ஆல்டோனாவைப் பார்த்தேன். அவள் அந்தப் படிவங்களைத் தொடவே இல்லை.

"உங்க பேர் என்னங்க?"

"ஜெனோன்."

"ஜெனோன், நான் உங்க வக்கீல் இல்ல. கம்பெனியோட வக்கீல். இந்த வழக்குல நீங்க எதிர்ப்பக்கம். உங்களுக்குன்னு ஒரு வக்கீல் இருக்கார், பேரு கியோ. அவர்கிட்ட கேக்காம என் மேசையில எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க. வெர்லீன், அவர் நம்பரை இவங்களுக்கு எழுதிக் குடு."

நான் எழுதினேன். ரூசெக் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வக்கீலம்மா, எதிராளி நம்பரை நீங்களே குடுக்கறீங்க."

"ஆமா."

"நான் உங்களுக்குப் பணம் குடுக்கறேன்."

"அதுக்குத்தான் இதைச் செய்யறேன்."

ஜெனோனையும் மற்றவர்களையும் வெளியே காபி குடிக்க அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தினாள். பிறகுதான் ஹாலினாவிடம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

"உள்ள பெட்டியில முந்நூத்துப் பன்னெண்டு கையெழுத்து இருக்கு. ஒவ்வொண்ணும் நெசம். உங்கப்பா பத்து வருஷமா ஒழுங்கா நடந்ததுக்கு அதான் சாட்சி. அதுக்குப் பக்கத்துல ஒரே ஒரு பொய்யை வெச்சோம்னா, அந்த முந்நூத்துப் பன்னெண்டையும் யாரும் நம்பமாட்டாங்க. இதுல ஒருத்தர் பேனாவைத் தொட்டாலும் அடுத்த நிமிஷம் நான் இந்த வழக்குல இல்ல."

"நீங்க இல்லாட்டி வேற வக்கீல் கிடைப்பார்," என்றாள் ஹாலினா.

"கிடைப்பார். நிறைய பேர் இருக்காங்க."

 ரூசெக் மெதுவாக எழுந்து மகளின் முன்னால் இருந்த கட்டை எடுத்தார். கிழிக்கப்போகிறார் என்று தெரிந்தது.

"கிழிக்காதீங்க, என்கிட்ட குடுங்க. வழக்கு நடக்கும்போது ஒரு துண்டுக் காகிதத்தைக்கூட அழிக்கக் கூடாது. வெறும் தாளா இருந்தாலும்," என்றாள் ஆல்டோனா.

ரூசெக்குக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிய எனக்குச் சற்று நேரமாயிற்று. "உங்களை வெச்சுக்கிட்டு ஒரு தப்புகூட நிம்மதியாப் பண்ண முடியாது," என்றபடி கட்டை நீட்டினார். ஹாலினா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். போகும்போது எங்கள் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

இரண்டு மாதம் கழித்து, நீதிமன்ற விசாரணைக்கு முன்னால் எடுக்கும் ஓஃபீலியாவின் வாக்குமூலம். எங்கள் அலுவலக அறையில்தான் நடந்தது. அவளுக்கு முப்பது வயதிருக்கும். நல்ல நீலச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தாள். கியோ அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சில வக்கீல்கள் இந்த மாதிரி நேரத்தில் எதிராளியைக் குத்திக் குடைவார்கள்: பணத்துக்குத்தானே வந்தாய், உனக்கு என்ன நஷ்டம் என்று. ஆல்டோனா கேட்கும் முறை வேறு. கேட்டுவிட்டுப் பதிலை முழுதாகக் கேட்பாள்.

"வேலையை விட்டப்ப கம்பெனி மேல கோபமா?"

"ஒரு சூப்பர்வைசர் மேல கோபம். கம்பெனி மேல இல்ல. ரூசெக் ஐயா ஒவ்வொரு ஈஸ்டருக்கும் எங்களுக்கு ரொட்டி குடுப்பார்."

"அப்புறம் ஏன் வழக்கு?"

ஓஃபீலியா தன் வலது கையை மேசை மேல் வைத்தாள். "என் அக்காவோட பேங்க் பாஸ்வேர்டை யாரோ திருடிட்டாங்க. அவ பாஸ்வேர்டை மாத்திட்டா. எனக்கு அப்பதான் இந்த விரல் ஞாபகம் வந்தது. இதை நான் மாத்த முடியாதில்லையா. அதனால ஆபீசுக்குப் போன் பண்ணி, என் ரேகையை அழிச்சிடுங்கன்னு கேட்டேன். லிஸ்ட்ல உன் பேரே இல்லன்னாங்க. ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி கேட்டேன். யாரும் பதில் சொல்லல. எனக்கு வேண்டியிருந்தது ஒரு பதில் மட்டும்தான்."

ஆல்டோனா பேனாவைக் கீழே வைத்தாள். பத்து நிமிஷம் இடைவேளை கேட்டு, என்னைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"வெர்லீன், அவ சொல்றது புரிஞ்சுதா?"

"படிவம் இருந்தாத்தான் தெரேசா லிஸ்ட்ல பேர் ஏறும். லிஸ்ட்ல இருந்தாத்தான் ரேகையை அழிப்பாங்க."

"அந்த நாப்பத்து மூணு பேர்ல பதினஞ்சு பேர் வேலையை விட்டுட்டாங்க. பதினஞ்சு பேரோட ரேகையும் இன்னும் அப்படியே கிடக்குது. கியோவுக்கு இவளைப் பத்தி மட்டும்தான் தெரியும். மத்த பதினாலு பேரைப் பத்தித் தெரியாது."

"அவர் கேட்டாரா?"

"இன்னும் கேக்கல. ஆனா அவர் கேட்டிருக்கிற காகிதங்களுக்குள்ள அது வரும். வராத மாதிரி எழுதவும் எனக்குத் தெரியும்." அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவளை அவ்வளவு களைப்பாக நான் பார்த்ததில்லை. "அந்தப் பொண்ணு ரெண்டு தடவை போன் பண்ணிக் கேட்டிருக்கா. நான் ரூசெக்குக்குச் சொன்ன அதே கேள்விதான். அவ பயப்படாமக் கேட்டா. பதில் சொல்லத்தான் ஆள் இல்ல."

உள்ளே போய் ஓஃபீலியாவிடம் மேலும் இரண்டு கேள்விகள் மட்டும் கேட்டுவிட்டு முடித்தாள். அன்று மதியமே ரூசெக்கைக் கூப்பிட்டுப் பதினைந்து பேர் விஷயத்தையும் சொன்னாள். போனில் அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

"சொல்லிட்டா என்ன ஆகும்?" என்று கேட்டார்.

"அந்த நாப்பத்து மூணு பேருக்கும் நீங்க பதில் சொல்லியாகணும். வலிக்கும். ஆனா சலவைக்கூடம் நிக்கும்னு நினைக்கறேன். சத்தியமாச் சொல்ல முடியாது."

"சொல்லாட்டி?"

"சொல்லாம நான் இருக்கமாட்டேன், ரூசெக்."

 "பெரிய மெஷினை நிறுத்தறப்போ மெதுவா நிறுத்தணும், இல்லாட்டி பெல்ட் அறுந்துடும்னு நான் பசங்களுக்குச் சொல்லுவேன். நீங்க மெதுவா நிறுத்துங்க, வக்கீலம்மா," என்றார்.

பிப்ரவரியில் ஒரு காலை, பதினொரு மணிக்கு டேலி சென்டர் நீதிமன்றத்தில் விசாரணை. இந்த வழக்கை எத்தனை பேருக்கான வழக்காக நடத்துவது என்று அன்றுதான் முடிவாகும். ஜட்ஜ் ஒடெஸா ப்ரூயிட்; சுற்றி வளைத்துப் பேசினால் பொறுக்கமாட்டார். ரூசெக்கும் ஹாலினாவும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஓஃபீலியா முன்வரிசையில். நான் ஆல்டோனாவுக்குப் பின்னால், பெட்டிகளோடு.

கியோ அரை மணி நேரம் பேசினார். முந்நூற்று ஐம்பத்தைந்து பேரும் ஒரே இயந்திரத்தில் விரல் வைத்தவர்கள், எல்லோருக்கும் ஒரே அநியாயம் என்றார். நன்றாகவே பேசினார்.

ஆல்டோனா எழுந்தாள். கையில் ஒரே ஒரு தாள்.

"யுவர் ஆனர், முந்நூத்துப் பன்னெண்டு பேருக்கு எழுத்துல சொல்லியிருக்கோம், கையெழுத்து வாங்கியிருக்கோம். எல்லாம் இந்தப் பெட்டிகள்ல இருக்கு. நாப்பத்து மூணு பேருக்குச் சொல்லவும் இல்ல, கையெழுத்து வாங்கவும் இல்ல. அவங்கள்ல பதினஞ்சு பேர் வேலையை விட்டப்புறமும் அவங்க ரேகையை அழிக்கல. அதுல மிஸ் கரான்சாவும் ஒருத்தர். அவங்க ரெண்டு தடவை கேட்டும் நாங்க பதில் சொல்லல. அந்த நாப்பத்து மூணு பேர் விஷயத்துல என் கட்சிக்காரர் சட்டத்தை மீறினார். அதை நாங்க மறுக்கல."

ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றினார். "மிஸ் ஸ்டான்கஸ், நீங்க எந்தப் பக்கத்துக்கு வந்திருக்கீங்க?"

"கம்பெனி பக்கம்தான், யுவர் ஆனர்."

கியோ அதிர்ந்து போனார் என்று சொல்லமாட்டேன்; ஆனால் பதினைந்து என்ற எண்ணைக் கேட்டதும் தன் குறிப்புகளைப் புரட்டினார். பிறகு சமாளித்துக்கொண்டு எழுந்தார். அவர் வேலை அது. "மத்த முந்நூத்துப் பன்னெண்டும் நெசம்னு எப்படி நம்பறது? வழக்கு வந்தப்புறம் போன மாசம் உக்காந்து தயார் பண்ணியிருக்கலாமே."

ஜட்ஜ் அவரை நிதானமாகப் பார்த்தார். "மிஸ்டர் கியோ, உக்காந்து பொய்க் காகிதம் தயார் பண்றவங்க நாப்பத்து மூணு பேரை மறந்துட்டாங்கன்னு சொல்றீங்களா? அதுலயும் வழக்குப் போட்டவங்களையே?"

கூடத்தில் சிலர் சிரித்தார்கள். கியோவும்தான். நான் திரும்பிப் பார்த்தேன். ஹாலினா சிரிக்கவில்லை. தலையைக் குனிந்து, இரண்டு கையாலும் பையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். ரூசெக் மகளின் முழங்கையைத் தட்டிக்கொடுத்தார்.

நாற்பத்து மூன்று பேருக்கான வழக்காக அது சுருங்கியது. அதன் பிறகு சமரசம் பேச இரண்டு நாள்தான் ஆயிற்று. சட்டம் சொன்ன நஷ்டஈட்டை நாற்பத்து மூன்று பேருக்கும் ரூசெக் கொடுத்தார். புது உலர்த்திகள் வைக்க என்று வாங்கிப் போட்டிருந்த பக்கத்து மனையை அதற்காக விற்க வேண்டியிருந்தது. சலவை நிலையம் நின்றது. ஒருவர் வேலையும் போகவில்லை. கியோவின் ஆள் ஒருவரும் நானும் பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பதினைந்து பேரின் ரேகைகளையும் இயந்திரத்திலிருந்து அழித்தார்கள். மன்னிப்புக் கடிதத்தை ஆல்டோனா எழுதித் தருவதாகச் சொன்னாள். ரூசெக் கேட்கவில்லை. தானே கையால் எழுதினார், நாற்பத்து மூன்று கடிதம். ஸ்பானிஷில் எழுத்துப்பிழைகள் இருந்தன. நான் திருத்தப் போனபோது ஆல்டோனா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

சமரசத்தை ஏற்கும் நாளில் ஜட்ஜ், யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். ஓஃபீலியா எழுந்து, ஆட்சேபணை இல்லை, ஒன்று சொல்ல வேண்டும் என்றாள்.

"எனக்குக் கடிதம் வந்தது. ஹாலினாவும் போன் பண்ணி, 'உங்க ரேகையை அழிச்சாச்சு, நான்தான் மறந்தது'ன்னு சொன்னாங்க. அவ்வளவுதான்."

ஹாலினா போன் செய்த விஷயம் எங்களுக்கே அப்போதுதான் தெரியும்.

தீர்ப்பு என் மேசைக்கு வந்த அன்று அதை எடுத்துக்கொண்டு ஆல்டோனாவின் அறைக்குப் போனேன். பதினோராம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. "பிரதிவாதியின் வக்கீல் தன் கட்சிக்காரருக்குப் பாதகமானதைக் கேட்கும் முன்பே சொன்னார், அதனால்தான் அவர் சொன்ன சாதகமானதையும் இந்த நீதிமன்றம் நம்பியது."

"படி," என்றாள்.

படித்தேன்.

"இன்னொரு தடவை."

"இப்பதானே படிச்சேன்."

"முப்பது வருஷமாயிடுச்சு வெர்லீன், ஒரு ஜட்ஜ் என்னைப் பத்தி ஒரு வரி எழுதறதுக்கு. ரெண்டு தடவை கேட்டா என்ன குறைஞ்சிடும்?"

மூன்று தடவை படித்தேன். அன்று மதியம் வழக்கமான சூப்பை விட்டுவிட்டு, மிளகாய் ஊறுகாய் வழிய வழிய இட்டாலியன் பீஃப் சாண்ட்விச் இரண்டு வாங்கி, நின்றுகொண்டே சாப்பிட்டோம். அவள் சட்டை முழுக்கச் சாறு. அப்படியே அடுத்த கூட்டத்துக்குப் போனாள்.

அந்த வசந்தத்தில் வேறொரு வழக்குக்கான காகிதங்களோடு ஜட்ஜ் ப்ரூயிட்டின் கூடத்தில் என் முறைக்காகக் காத்திருந்தேன். எங்களுக்குச் சம்பந்தமில்லாத ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. வாடிக்கையாளர்களின் விவரங்களைக் கோட்டைவிட்ட ஒரு கம்பெனி. அவர்களுடைய வக்கீல், உயரமான, அழகாக உடுத்திய மனிதர், எழுந்து சொன்னார்: "எல்லாக் காகிதத்தையும் எதிர்த்தரப்புக்குக் குடுத்தாச்சு, யுவர் ஆனர்."

ஜட்ஜ் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஸ்டான்கஸ் குடுக்கற மாதிரி குடுத்தீங்களா, இல்ல எல்லாரும் குடுக்கற மாதிரியா?"

 அந்த மனிதர் பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து ஏதோ பேசினார். பிறகு நிமிர்ந்து, இன்னும் ஒரு வாரம் அவகாசம் வேண்டும் என்றார்.

என் முறை வந்ததும் காகிதங்களைக் கொடுத்தேன். முத்திரை குத்தும் குமாஸ்தா என் முகத்தைப் பார்த்து, "என்ன சிரிப்பு?" என்று கேட்டான்.

"ஒண்ணுமில்ல. ஜட்ஜ் சொன்னாங்களே ஒரு பேர், அவங்க அறை வாசல்லதான் என் மேசை," என்றேன்.